எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் ஒரே சைக்கிள்

எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள கல்லடியிலிருந்து மட்டக்களப்பு ரவுனுக்கு வேலைக்குப் போய்வர எந்தச் சைக்கிளும் போதும். காப்பெற் றோட்டு, ஏற்றம் என்று சொல்ல இருப்பது பாலம் ஒன்றுதான். சிக்கல் லீவு நாளில்தான் தொடங்குகிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மண்முனைப் பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்கு, அதாவது வாவிக்கு மேற்கே கொக்கட்டிச்சோலைப் பக்கம் உள்ளே போனால் காப்பெற் முடிந்து கிறவல் வரும். கிறவல் முடிந்து வயலோர வண்டிப்பாதை. அதுவும் முடிந்தால் குளக்கட்டு. அதே சைக்கிளைப் பின்னேரம் கடற்கரைக்குக் கொண்டுபோனால் மணலும் உப்புக்காற்றும். அம்பாறைக் கரையோரத்திலும் இதே கதைதான். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏ4 வீதியில் பஸ்சோடும் லொறியோடும் ஒதுங்கி ஒதுங்கி ஓட வேண்டும், சம்மாந்துறை வயல்வெளிக்குள் இறங்கினால் கிறவல், திருக்கோவிலைத் தாண்டிப் பொத்துவில் பக்கம் போனால் மணல்.

இவ்வளவுக்கும் ஒரே சைக்கிள் வேண்டும் என்றால் ஹார்ட்டெயில் நல்ல தெரிவு. முன்னுக்கு மட்டும் சொக், பின்பக்கம் விறைப்பான பிரேம். ஆனால் மலைக்கென்று செய்த சைக்கிளை மலையே இல்லாத ஊருக்கு வாங்குகிறோம் என்பதை மறக்கக் கூடாது. கடையில் எல்லாருடைய கண்ணும் முதலில் போவது சொக்குக்குத்தான். இங்கே முதலில் பார்க்க வேண்டியது சில்லும் ரயரும். அடுத்தது கரியர் பூட்டும் துளைகள். அதற்கடுத்தது உப்பைத் தாங்கும் பாகங்கள். சொக் நாலாம் இடம்.

நாலாம் இடம் என்பதால் அதை முதலிலேயே பேசி முடித்துவிடலாம். நம்முடைய கிறவல் றோட்டுக்கு 80 முதல் 100 மி.மீ. வரை அமுங்கும் போர்க் (முன்சில்லைப் பிடிக்கும் கவை) தாராளம். 120, 130 என்று போனால் பாரமும் விலையும் கூடுமே தவிர, படுவான்கரையில் அதற்கு வேலை இல்லை. விலை குறைந்த சைக்கிள்களில் வருவது உள்ளே இரும்புச் சுருள் போட்ட போர்க். அதன் மேல்தண்டுகள் பெரும்பாலும் 28 அல்லது 30 மி.மீ. தடிப்பில் குரோம் பூசிய இரும்பு. உப்புக்காற்றில் குரோமில் ஊசிமுனை அளவு துருப்புள்ளி வரும். அந்தப் புள்ளி ஏறி இறங்கும்போது சீல் இறப்பரை அறுக்கும். அறுந்த சீல் வழியே மணலும் நீரும் உள்ளே போகும். பிறகு அது சொக் இல்லை, இரண்டரைக் கிலோ இரும்பு. விறைப்பான இரும்புப் போர்க் இதில் பாதிப் பாரம்கூட வராது. அதனால் காசு இறுக்கம் என்றால் மலிவான சொக் போர்க்கை விட, விறைப்பான போர்க்கும் 2.2 அங்குல ரயரும் உள்ள சைக்கிள் மேல். இதைச் சொன்னால் பலர் ஏற்கமாட்டார்கள், சொக் இல்லாவிட்டால் பார்க்க ‘கெத்து’ இல்லையாம்.

காற்றுப் போர்க் பாரம் குறைந்தது. ஓட்டுபவரின் எடைக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டும் வீட்டுக்கு இது பெரிய வசதி. மேல்தண்டில் ஒரு இறப்பர் பாண்டைப் போட்டு அடிக்குத் தள்ளிவிட்டு, மெதுவாக ஏறி உட்கார்ந்து மெதுவாக இறங்கிப் பாருங்கள். 100 மி.மீ. போர்க் 20 முதல் 25 மி.மீ. வரை அமுங்கியிருந்தால் காற்று சரி. ஆனால் அதற்குச் சொக் பம் என்று தனிப் பம் வேண்டும். சைக்கிள் கடைக் கொம்பிரசரால் அதற்குக் காற்று அடிக்கப் போகக் கூடாது. உள்ளே இருக்கும் இடம் மிகச் சிறியது, அழுத்தம் மிக அதிகம். ஒரு நொடியில் சீல் போய்விடும்.

முன்னும் பின்னும் சொக் உள்ள மலிவான ‘டபுள் சொக்’ சைக்கிள் பக்கமே போகவேண்டாம். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கைப் பின் சொக் தின்றுவிடும். பின்பிரேம் ஆடும் புசுகள் தேய்ந்ததும் சைக்கிள் பாம்பு மாதிரி நெளியும். கரியர் பூட்டவும் இடமிராது.

இனிச் சில்லு. கடையில் 26, 27.5, 29 என்று மூன்று அளவு கேட்பீர்கள். ரயரின் பக்கத்தில் இன்னொரு எண் பொறித்திருக்கும்: 559, 584, 622. இது ரயர் போய் உட்காரும் ரிம்மின் விட்டம், மில்லிமீற்றரில். 26க்கு 559, 27.5க்கு 584, 29க்கு 622. ரயர் மாற்றும்போது பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த லேடீஸ் சைக்கிள்களில் 26 × 1 3/8 என்று இருக்கும். அதன் விட்டம் 590. மவுண்டன் சைக்கிளின் 26 × 1.95க்கு 559. இரண்டுக்கும் பெயர் 26 அங்குலம்; 31 மி.மீ. வித்தியாசம். எண் பின்னத்தில் இருந்தால் ஒன்று, தசமத்தில் இருந்தால் வேறொன்று என்று மனதில் வைத்துக்கொண்டால் ரயரைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கும் அலைச்சல் மிச்சம்.

எந்த அளவை எடுப்பது? கிறவல் குழிக்குள் 29 உருண்டு போகும், 26 விழுந்து எழும்பும். மணலிலும் பெரிய சில்லுக்குத்தான் நீளமான பிடிப்பு. ஆனால் உயரம் 160 செ.மீ.க்குக் கீழே என்றால் 29இல் பெடல் வைத்துத் திரும்பும்போது கால்நுனி முன்சில்லில் முட்டக்கூடும், அவர்களுக்கு 27.5 சரி. இதைவிட முக்கியமான கேள்வி வேறு. சைக்கிளை வாங்குமுன் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சைக்கிள் கடைக்குப் போய், “அண்ணே, 29க்கு ரயர், ரியூப் வெச்சிருக்கிறீங்களா?” என்று கேளுங்கள். “ரவுனுக்குத்தான் தம்பி போகணும்” என்று பதில் வந்தால், ஒரு ரயரும் இரண்டு ரியூப்பும் சைக்கிளோடு சேர்த்தே வாங்குங்கள். அவசரத்துக்கு ஒரு உபாயம் உண்டு: 29 சில்லும் றோட்டுச் சைக்கிள்களின் 700சி சில்லும் ஒரே 622தான். அதனால் 700 × 35 முதல் 43 வரையுள்ள ரியூப் 29 ரயருக்குள் கொஞ்ச நாளைக்கு ஓடும். 27.5க்குள் 26 ரியூப்பைப் போட்டும் வீடு வந்து சேரலாம்.

ரயரின் அகலம் 2.1 முதல் 2.25 அங்குலம். நடுவில் தொடர்ச்சியான வரியும் ஓரத்தில் சின்னக் குமிழும் உள்ள ரயர் நமக்குத் தோது. சேற்றுக்கென்று செய்த பெரிய குமிழ் ரயர் காப்பெற்றில் ஊதும், இழுக்கும், நடுக்குமிழ்கள் முதலில் தேய்ந்து போகும். மழைக்காலத்துக் களிமண் வயல் பாதைக்கு எந்த ரயரும் பயன்படாது. குமிழுக்குள்ளும் மட்காட்டுக்குள்ளும் களி அடைத்துச் சில்லே சுற்றாது. அப்படிப்பட்ட பாதையில் மார்கழி, தையில் இறங்காமல் இருப்பதே புத்தி.

காற்று அளவு பலர் கவனிக்காத விஷயம். 70 கிலோ எடையுள்ளவர் 29 × 2.2 ரயரில் ரவுனுக்கு ஓட முன்னுக்கு 38, பின்னுக்கு 42 பிஎஸ்ஐ போதும். கிறவலுக்கு இரண்டையும் 28, 32 அளவுக்கு இறக்கினால் கை நடுக்கம் பாதியாகும். எந்தச் சொக்கும் தராத சுகம் இது, ஒரு சதமும் செலவில்லை. மணலில் இன்னும் இறக்கலாம், ஆனால் ரியூப் போட்ட ரயரை 22க்குக் கீழே விட்டால் கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் ரியூப் நசுங்கும். கரியரில் பிள்ளை இருந்தால் பின் ரயருக்கு 5 முதல் 8 வரை கூட்டுங்கள். ரயர் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவு, அடிக்க வேண்டிய அளவல்ல. தாண்டக் கூடாத அளவு. கொம்பிரசர் காற்றை விரலால் அமுக்கிப் பார்த்து “கல்லு மாதிரி இருக்கு” என்று அனுப்பும் பழக்கம் மெல்லிய சில்லுச் சைக்கிளுக்குச் சரி. அகல ரயரைக் கல்லாக்கி உச்சி வெயிலில் நிறுத்தினால் காற்று விரிந்து இன்னும் ஏறும். சின்னதாக அளவுமானி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

வால்வு மோட்டார் சைக்கிள் வால்வாக இருக்கட்டும். எந்தப் பெற்றோல் செட்டிலும் காற்று அடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு வந்திருந்தால் பித்தளை அடாப்டர் ஒன்றைக் கைப்பிடியிலோ சாவிக்கொத்திலோ மாட்டி வையுங்கள். மோட்டார் வால்வுக்கு ரிம் துளை 8 மி.மீ. வேண்டும், பிரெஸ்டாவுக்கு 6. சின்னத் துளையை ட்ரில் போட்டுப் பெருக்கினால் ஓரத்துப் பிசிறை அரம் போட்டு மழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வால்வின் அடியை அறுத்துவிடும்.

பஞ்சரானால் ஓட்டையைப் பார்த்தாலே காரணம் தெரியும். வெளிப்பக்கம் ஒரே ஊசித்துளை என்றால் முள். வயலோரத்திலும் குளக்கட்டிலும் பெரும்பாலும் நெருஞ்சி. ரயரின் உள்ளே துணியால் தடவிப் பாருங்கள், விரலால் தடவினால் விரலில் ஏறும். முள்முனை உள்ளேயே இருந்தால் ஒட்டிய மறுநாளும் பஞ்சர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல், பாம்பு கடித்த மாதிரி இருந்தால் காற்றுக் குறைவு. ரிம் பக்கம் பார்த்த உள்வட்டத்தில் ஓட்டை என்றால் ரிம் நாடா விலகிக் கம்பி நிப்பிள் குத்தியிருக்கிறது. நாடாவை மாற்றாமல் ரியூப்பை எத்தனை தரம் ஒட்டினாலும் பயனில்லை. வால்வடியில் கிழிந்திருந்தால் காற்றுக் குறைந்த ரயர் ரிம்மில் நழுவி வால்வைச் சரித்து இழுத்திருக்கிறது, அந்த ரியூப்பை ஒட்டவே முடியாது. ஒட்டும்போது உரஞ்சித் துடைத்து, சொலூசன் பூசி, ஐந்து நிமிடம் பொறுத்து, மினுக்கம் போனபின் ஒட்டைப் போட்டு அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் ஒட்டு வழுகுவதற்கு முக்கால்வாசிக் காரணம்.

பிரேம் அலுமினியம் என்றால் மேலதிக யோசனை வேண்டாம். கடற்கரையில் இரும்புப் பிரேம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். அளவுதான் பெரிய விஷயம். சுவரோடு நின்று, தடித்த கொப்பி ஒன்றைக் கால்களுக்கிடையில் சீற்றில் உட்காருவதுபோல மேலே இறுக்கி, அதன் மேல்விளிம்பிலிருந்து நிலம் வரை அளந்தால் உட்கால் அளவு வரும். 76 செ.மீ. என்று வையுங்கள். அதை 0.883ஆல் பெருக்கினால் 67 செ.மீ.; பெடல் தண்டுகளான கிராங்க் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் இதுதான். கணக்கு வேண்டாம் என்றால் குதிக்காலைப் பெடலில் வைத்து அடிக்குக் கொண்டுபோங்கள். கால் நேராக நிமிர்ந்தால் சரி. நம்மூரில் பலரும் சீற்றை இதைவிட ஐந்தாறு செ.மீ. கீழே வைத்து ஓட்டி, முழங்கால் நோவுக்குச் சைக்கிளைக் குறை சொல்கிறார்கள். சைக்கிளின் மேல்கம்பிக்கு மேலாக நிலத்தில் நின்றால் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும், கிறவலில் திடீரென்று கால் ஊன்றும்போது அதன் அருமை தெரியும்.

சீலை, சாரம், அபாயா கட்டி ஓட்டுபவர்கள் வீட்டில் இருந்தால் மேல்கம்பி சரிந்து தாழ்ந்த பிரேமையே எடுங்கள். மவுண்டன் சைக்கிளுக்குச் செயின் கவர் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். முன்னுக்கு ஒற்றைப் பல்சக்கரம் உள்ள சைக்கிளுக்கு வெளிவளையம் ஒன்று பூட்டினால் காற்சட்டை விளிம்பு மாட்டுவது குறையும், துணி முழுவதையும் அது காக்காது. ஒரே சைக்கிளை இரண்டு பேர் ஓட்டினால் சீற்றுக் கம்பியில் இரண்டு நிற நாடா சுற்றி வையுங்கள், ஒருவருக்கு நீலம், மற்றவருக்குச் சிவப்பு. காலையில் அளந்துகொண்டு நிற்கத் தேவையில்லை. கம்பியில் பொறித்திருக்கும் கடைசிக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்த வேண்டியிருந்தால் பிரேம் சின்னது என்று அர்த்தம். அப்படி ஓட்டினால் பிரேமின் குழாய் வாய் வெடிக்கும்.

கரியர் விஷயத்தில்தான் வேலைக்கும் வீட்டுக்கும் சைக்கிள் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பின்அச்சுக்கு மேலே பிரேமில் 5 மி.மீ. மரையுள்ள துளை இருக்கிறதா, சீற்றுக்குக் கீழே பின்பிரேமின் மேல்தண்டுகளில் இன்னொரு சோடி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லாத சைக்கிளுக்குச் சீற்றுக் கம்பியில் மட்டும் தொங்கும் கரியர் பூட்டுவார்கள். அது பையைத் தாங்கும், பிள்ளையைத் தாங்காது. டிஸ்க் பிறேக்கின் கலிப்பர், அதாவது தட்டைப் பிடிக்கும் கவ்வி, மேல்தண்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சாதாரணக் கரியரின் கால் அதில் முட்டும். கால் வெளியே வளைந்த கரியர் தேடவேண்டும், அல்லது நீளமான போல்ட்டும் 10 முதல் 15 மி.மீ. இடைத்துண்டும் போடவேண்டும். இடைத்துண்டு நீள நீளப் போல்ட் வளையும். துண்டு துண்டாக வாசர் அடுக்குவது அதைவிட மோசம்.

கரியரில் எத்தனை கிலோ என்று பொறித்திருக்கும். 25 என்றால் 25தான். சின்னப்பிள்ளைச் சீற்றுகள் பெரும்பாலும் 22 கிலோ வரைக்குச் செய்தவை. பெரிய ஆளை ஏற்றி டபிள்ஸ் போவதற்கு ஹார்ட்டெயில் செய்யப்படவில்லை. பழைய லுமாலாச் சைக்கிள் அதைத் தாங்கும், இது தாங்காது. காரணம் பின்அச்சில் இருக்கிறது. 7 கியர் உள்ள மலிவான சைக்கிள்களில் பின்பல் அடுக்கு, சில்லின் நடுவிலுள்ள ஹப்பில் மரைபோட்டு ஏற்றிய பிறீவீல். அந்த அமைப்பில் வலப்பக்கப் போல்ஸ் (அச்சைத் தாங்கும் இரும்புக் குண்டுகள்) பிரேமிலிருந்து தள்ளி உள்ளே நிற்கும், வெளியே நீட்டியிருக்கும் வெற்று அச்சு முழுப்பாரத்தையும் வாங்கும். முதலில் வளையும், பிறகு முறியும். பல் அடுக்கை ஹப்பின் மேல் செருகும் கசெட் அமைப்பில் போல்ஸ் பிரேமுக்குக் கிட்ட இருப்பதால் இந்தக் குறை இல்லை. பிள்ளையையோ அரிசிச் சாக்கையோ ஏற்றப் போகிறவர் கசெட் உள்ள சைக்கிளுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் தவறில்லை. அச்சு வளைந்ததா என்று தெரிய, பின்சில்லைக் கழற்றிக் கையில் பிடித்து அச்சை மட்டும் சுழற்றுங்கள். நுனி வட்டம் போட்டால் வளைந்துவிட்டது.

பின்னால் இருக்கும் பிள்ளையின் கால் சில்லுக் கம்பிக்குள் போவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து. குதிக்கால் தோல் உரிந்து எலும்பு தெரியும் அளவுக்குப் போகும். கால்வைக்கும் இடமும் வார்ப்பட்டியும் உள்ள சீற்று, அதன் இருபக்கமும் சில்லை மறைக்கும் தகடு அல்லது வலை, இந்த இரண்டும் இல்லாமல் கிறவலில் பிள்ளையை ஏற்ற வேண்டாம். சீற்றுக்கு அடியில் சுருள்வில் இருந்தால் பிள்ளையின் விரல் அதற்குள் போகும். துணி சுற்றி மூடுங்கள்.

கியருக்கு வருவோம். “21 கியர்” என்று அட்டையில் பெரிதாக எழுதியிருப்பது மூன்றை ஏழால் பெருக்கிய கணக்கு, பாதிக்கு மேல் ஒன்றையொன்று ஒத்தவை. நமக்கு ஏற்றம் இல்லை. இலேசான கியர் தேவைப்படுவது மணலுக்கும், பாரத்துக்கும், ஆடி மாதத்துக் கச்சான் காற்றுக்கும். முன்னுக்கு 32 பல், பின்னுக்கு 11 முதல் 42 வரை என்றால் எல்லாம் அடங்கும். 29 சில்லில் நிமிடத்துக்கு 80 தடவை மிதித்தால் 32க்கு 11இல் மணிக்கு 32 கி.மீ. வரை வரும், வேலைக்குப் போக அது போதும். முன்னுக்கு ஒற்றைச் சக்கரம் என்றால் முன் கியர்மாற்றி, அதன் கேபிள், அதன் தகராறு எதுவும் இல்லை. ஷிமானோ நிறுவனத்தின் டூர்னி கியர் வரிசை மிதமான ஓட்டத்துக்குப் போதும். கிழமைக்கு நூறு கி.மீ. தாண்டினால் ஆல்டஸ், அசேரா என்று மேலே பாருங்கள். பின் கியர்மாற்றி தொங்கும் ‘ஹாங்கர்’ துண்டு தனியாகக் கழலக்கூடியதா என்று பார்த்து, அதே உருவில் இன்னொன்றை வாங்கும் நாளிலேயே வாங்குங்கள். சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தால் முதலில் வளைவது அதுதான், பிரேமுக்குப் பிரேம் உருவம் வேறு, பிறகு தேடினால் கிடைக்காது.

பிறேக்கில் மூன்று வழி. ரிம்மை இருபக்கமும் கட்டையால் பிடிக்கும் வீ பிறேக் எந்தக் கடையிலும் பழுதுபார்க்கலாம், ஆனால் மழையில் மணலும் நீரும் சேர்ந்து ரிம்மை அரத்தால் அராவுவது போலத் தேய்க்கும். ரிம்மில் உள்ள அடையாளக் குழி மறைந்தால் ரிம் முடிந்தது. எண்ணெய் டிஸ்க் பிடிப்பில் முதல் இடம். அதற்குள் எந்த எண்ணெய் என்பதை அறிந்துகொள்ளுங்கள்: ஷிமானோவுக்கு மினரல் ஒயில். மோட்டார் சைக்கிள் கடையில் இருக்கும் டொட் பிறேக் எண்ணெயை அதற்குள் ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். இதைச் செய்யத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத ஊர்களுக்குக் கேபிளால் இழுக்கும் டிஸ்க்தான் நடுவழி. அதில் பெரும்பாலும் வெளிப்பக்கக் கட்டை மட்டும் அசையும். உள்கட்டை தேயத் தேய, கலிப்பரின் உள்பக்கத் திருகால் அதைத் தட்டுக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும். ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் இடைவெளி அளவு. இதைச் செய்யாமல் கேபிளை மட்டும் இறுக்குவார்கள், தட்டு ஒருபக்கமாக வளைந்து கிரீச்சிடும். கட்டையின் தேயும் பகுதி 0.5 மி.மீ. வந்தால் மாற்றுங்கள், புதிதில் 1.8 இருக்கும் ஷிமானோ தட்டு 1.5க்கு வந்தால் தட்டையும். புதுக் கட்டை போட்டதும் மிதமான வேகத்திலிருந்து இருபது முப்பது தடவை நடைவேகம் வரை பிறேக் பிடித்துவிட்டால்தான் முழுப் பிடிப்பு வரும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க்கில் ஒரு துளி பட்டால் போதும், கட்டை எண்ணெய் குடித்து ஊளையிடும். அதைக் காயவைத்துச் சரிசெய்யலாம் என்பது வீண் முயற்சி.

கடையில் பூட்டி வைத்திருக்கும் சைக்கிளை அப்படியே நம்பி எடுக்காதீர்கள். பெட்டியில் வந்ததைப் பூட்டும்போது முன்போர்க்கை முன்பின்னாக மாற்றிப் பூட்டியிருப்பார்கள், இது அபூர்வமில்லை. டிஸ்க் கலிப்பர் இடப்பக்கக் காலின் பின்புறம் இருக்க வேண்டும். முன்புறம் இருந்தால் போர்க் திரும்பியிருக்கிறது. வலக்கைப் பிறேக் முன்சில்லுக்கு என்பதே நம் பழக்கம், சில சைக்கிள்கள் மாறி வரும். முன்பிறேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹாண்டில் கழுத்தில் விரல் வைத்தால் ‘டக்’ என்று தட்டுப்படக் கூடாது. கிராங்கை இருபக்கமும் இழுத்துப் பாருங்கள், ஆடக்கூடாது. இடப்பக்கப் பெடலின் மரை மறுபக்கமாகத் திரும்பும். அதைத் தெரியாமல் பலவந்தமாக இறுக்கியிருந்தால் பெடல் சரிந்து நிற்கும், நூறு கி.மீ.க்குள் கிராங்கின் மரையைத் தின்றுவிடும். சில்லைச் சுழற்றி, பிரேமில் விரலை ஊன்றி நகத்தை ரிம்முக்குக் கிட்டப் பிடியுங்கள். ஆட்டம் ஒரு மி.மீ.க்கு மேல் என்றால் அங்கேயே கம்பி இறுக்கச் சொல்லுங்கள். முதல் 150 கி.மீ.க்குப் பிறகு கேபிள் உறை படிந்து கியர் தடுமாறும், கம்பிகள் தளரும், கிராங்க் போல்ட் இளகும். அன்று ஒருமுறை கடைக்குக் கொண்டுபோவது கட்டாயம்.

பாவித்த சைக்கிள் என்றால் ஹாண்டில் கழுத்துக்குக் கீழே, கீழ்க்குழாய் சேரும் இடத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்ற்றில் மயிரிழை போல் குறுக்குக்கோடு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சீற்றுக் கம்பி அசைகிறதா என்றும் கட்டாயம் பாருங்கள்; அலுமினியப் பிரேமுக்குள் உப்பில் இறுகிப்போன கம்பியைக் கழற்ற முடியாமல் பிரேமையே எறிந்தவர்கள் இருக்கிறார்கள். செயினுக்கு ஒரு அடிமட்டம் போதும். ஒரு ஊசியின் நடுவிலிருந்து 24 ஊசி தள்ளி அளந்தால் புதிதில் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 கூடியிருந்தால் பின்பல் அடுக்கும் சேர்ந்து போய்விட்டது, அந்தக் காசை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் கரையோரத்துச் சைக்கிளைப் பற்றிப் பேச முடியாது. ஈர மணலில் ஓட்டிவிட்டு அப்படியே சாத்தி வைத்தால் மறுநாள் காலையில் செயின் செம்மஞ்சளாக இருக்கும். வந்தவுடன் நல்ல தண்ணீரை வாளியில் எடுத்து ஊற்றுங்கள். சேர்விஸ் ஸ்டேசன் அழுத்தக் குழாயை ஹப்புக்கும் கிராங்கின் அடிக்கும் பிடித்தால் கிறீஸ் வெளியே போய் நீர் உள்ளே போகும். உப்புக் கிணற்று நீரால் கழுவுவதில் அர்த்தமில்லை. துணியால் துடைத்து, அரைமணி வெயிலில் விட்டு, செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி எண்ணெய், பெடலைப் பின்னுக்குச் சுற்றி, வெளியே மிஞ்சியதைத் துடைத்து எடுங்கள். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே இருந்தால் மணலைப் பிடித்து அரைக்கும். தேங்காய் எண்ணெய் பிசினாகும், பழைய என்ஜின் ஒயிலில் இரும்புத் துகள் இருக்கும். தையல் மெசின் எண்ணெய் மெல்லியது, கிழமைக்கு இருமுறை விடுவதானால் பரவாயில்லை. மாதம் ஒருமுறை சீற்றுக் கம்பியைக் கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசிப் போடுங்கள். மாரியில் ஹப் மூழ்கும் அளவு வெள்ளத்துக்குள்ளால் ஒருநாள் போனாலும் அந்தக் கிழமையே ஹப்பைத் திறந்து கிறீஸ் மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் போல்சும் கூம்பும் குழி விழும், பிறகு ஹப்பே மாற்ற வேண்டியதுதான்.

பிள்ளைக்குத் தனிச் சைக்கிள் என்றால் ஆறு முதல் ஒன்பது வயதுக்கு 20, அதற்கு மேல் பன்னிரண்டு வரை 24 அங்குலம் என்பது பொதுக்கணக்கு. கால் எட்டுவதே உண்மைக் கணக்கு. “வளரும்தானே” என்று பெரிதாக எடுப்பது சட்டைக்குச் சரி. 20 அங்குலச் சைக்கிளில் சொக் வெறும் பாரம்: 22 கிலோப் பிள்ளையால் அந்தச் சுருளை அமுக்கவே முடியாது, அதைச் சுமக்க மட்டும்தான் முடியும். பிறேக் லீவரில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் திருகினால் லீவர் கைப்பிடிக்குக் கிட்ட வரும். பிள்ளையின் இரண்டு விரல் எட்டும்வரை திருகுங்கள். பல பிள்ளைகள் பிறேக் பிடிக்கத் தெரியாமல் விழுவதில்லை, விரல் எட்டாமல் விழுகிறார்கள்.

அந்தப் பிள்ளை கிறவலில் மணிக்கு எட்டு, பத்து கி.மீ.தான் ஓடும். குடும்பத்தோடு பன்னிரண்டு கி.மீ. உள்ளே போனால் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் வேண்டும், ஒரு பஞ்சருக்கு இன்னும் அரைமணி. உன்னிச்சைப் பக்கமும் வெல்லாவெளிப் பக்கமும் பொழுது சாய யானை இறங்கும் இடங்கள். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பத்துக்கு முன் வீடு திரும்பும்படி கணக்குப் போடுங்கள், கச்சானும் அதற்குப் பிறகுதான் எழும்பும். பையில் ஒரு ரியூப், ஒட்டுச் சாமான், இரண்டு ரயர் லீவர், பம், 4, 5, 6 மி.மீ. அலன்கீ, ஹாங்கர் துண்டு, ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர்.